எஸ்பிரெசோ மெசினோடு வந்துவிடாதே

தம்பி,

நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்குகிற வழக்கத்தை இந்தமுறை விட்டுவிடுகிறேன். இரண்டு வருடமாக நான் உனக்கு எழுதிய கடிதங்களில் அந்த முதல் வரியே பொய்யாக இருந்தது. இதுவரை எல்லாக் கடிதத்தையும் மாங்குளம் சந்திக் கடையின் பெயரும் முகவரியும் அச்சடித்த பில் தாளில் எழுதினேன். இது பள்ளிக்கூடக் கொப்பித் தாள். பில் புத்தகத்தில் தாள் முடிந்துபோகவில்லை. ஆனால் இன்னொரு தரம் அந்தத் தாளில் எழுதினால் நீ விமானம் ஏறிவிடுவாய் என்ற பயத்தில் இதில் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இரண்டு மாதம் எங்கெங்கோ கிடந்து, உறையின் ஒரு பக்கம் கிழிந்து, பென்சன் எடுக்க வவுனியாவுக்குப் போய்வருகிற, முந்திப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சரின் கைப்பையில் வந்து சேர்ந்தது. ஒன்பது வருடம் இத்தாலிக்காரனின் கோப்பிக் கடையில் கோப்பை கழுவி, பிறகு மெசினடியில் நின்று, தொழிலை நன்றாகப் பிடித்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். மார்கழி முடிய அறையை விட்டுவிட்டு ஒரு எஸ்பிரெசோ மெசினோடு வரப்போகிறாய். எங்கள் கடையிலேயே ஒரு பக்கம் மேசை போட்டு, தகப்பனும் மகனுமாகக் கோப்பி ஊற்றப்போகிறோம். மூன்று விதம் இருக்கிறது, கரண்டில் பம்பு அடிக்கிறது, கையால் பிடியை இழுத்து அமத்துகிறது, அடுப்பில் வைக்கிற சின்னக் கேத்தல். எது உங்களுக்குச் சுகமோ அதைச் சொல்லுங்கோ, வாங்கிவாறன் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், கோணலான எழுத்தில், அம்மா ஏன் ஒரு வருசமாக ஒரு வரியும் எழுதவில்லை, அதையும் நேரில் வந்துதான் பார்க்கவேணும் என்று ஒரு வரி.

மூன்றில் எது என்று சொல்லத்தான் போகிறேன். முப்பது வருடம் கோப்பி விற்றவனிடம் கேட்டிருக்கிறாய், எனக்கு அதில் ஒரு கருத்து இல்லாமல் இருக்குமா. ஆனால் மேசை போடக் கடை இல்லை, தம்பி. புளியங்குளப் பக்கம் ஷெல் விழத் தொடங்கி அது நாளுக்கு நாள் கிட்டே வந்தபோது, ஒரு டிரக்டர் பெட்டியில் கோப்பி அரைக்கிற கைமெசினையும் நாலு மூட்டைக் கொட்டையையும் அம்மாவின் தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். கடைசியாக உள்ளே ஓடிப்போய் நான் எடுத்துவந்தது பில் புத்தகங்கள். அரிசிப் பானை குசினியில் கிடந்தது, அதை விட்டுவிட்டேன். இப்போது மல்லாவிப் பக்கம் ஒரு பாலை மரத்தின் கீழே, கிடுகும் தரப்பாளும் போட்ட கொட்டிலில் இருக்கிறோம். வந்த புதிதில் வேறு தாள் கிடைக்காமல்தான் முதல்தரம் பில் தாளில் உனக்கு எழுதினேன். நீ பதிலில் கடை நன்றாக நடக்குது போல என்று சந்தோசப்பட்டிருந்தாய். அந்தச் சந்தோசத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதி என் குணம். அலுமாரி வெறுமையாய்க் கிடந்தாலும் முன்தட்டில் நாலு போத்தலை வரிசையாக நிறுத்தி வைக்கிறவன் நான். வாடிக்கையாளனுக்குக் காட்டிய வித்தையை என் பிள்ளைக்கும் காட்டிவிட்டேன்.

இனி அம்மாவின் விஷயம். போன வருடம் நீ அனுப்பிய அந்த எட்டு மூலைக் கோப்பிக் கேத்தலிலிருந்துதான் அதைச் சொல்லவேண்டும். கொழும்பு வரைக்கும் உன் கூட்டாளியின் கையில் வந்தது, அங்கிருந்து வவுனியாவுக்கு பார்சலில் வந்தது, வவுனியாவிலிருந்து ரீச்சர் அதைச் சீலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தா. வழியில் சோதனைச் சாவடியில் நின்ற பொடியன் அதை எடுத்து, மூன்று துண்டாகக் கழற்றி, பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னப் பித்தளை ஆணியை நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தானாம்.

"இது என்ன?"

"கஷாயம் காய்ச்சிற கேத்தல், மகன். மூட்டு வாதத்துக்கு."

"உள்ள என்ன போடுறது?"

"மல்லி, வேர்க்கொம்பு, சுக்கெண்டு சொல்லுறது. வேற என்னத்தை இந்தக் காலத்தில போடுறது?"

அவன் "எங்க அம்மாக்கும் கால் நோ" என்று சொல்லி, திரும்பப் பூட்டி அவ கையிலேயே கொடுத்துவிட்டானாம். ரீச்சர் இதை வந்து சொன்னபோது நானும் அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தக் கொட்டிலில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

நீ அதோடு ஒரு தாளில் செய்முறை எழுதி வைத்திருந்தாயாம், அது வழியில் எங்கேயோ போய்விட்டது. செய்முறை இல்லாவிட்டால் ஆரிடமாவது கேட்டிருக்கவேண்டும். கோப்பி விற்கிறவன் கோப்பி போட இன்னொருத்தனிடம் கேட்கிறதா என்று நினைத்தேன். கீழ்ப்பாகத்தில் அந்த ஆணியும் மூடும்படி விளிம்பு வரை தண்ணீர் விட்டேன். நடுவிலிருக்கிற சல்லடைக்குள் எங்கள் வழக்கமான தூள், மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து மாப்போல அரைத்தது. அதைக் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி இறுக்கினேன். கடையில் தூளைப் பைக்கற்றாகக் கட்டுகிறவன் பழக்கம் அது, தூளுக்குள் காற்று நிற்கக்கூடாது. பிறகு துணி பிடித்து முறுக்கிப் பூட்டி, மூன்று கல்லில் ஏற்றி, காய்ந்த விறகைத் தள்ளினேன். மாப்போன்ற தூளை இறுக்கிவிட்டால் தண்ணீர் மேலே ஏற வழி ஏது? கோப்பி வரவில்லை. அந்தப் பித்தளை ஆணியால் ஆவி சீறத் தொடங்கியது. மெல்லிய சீழ்க்கையாகத் தொடங்கி, ஏறி ஏறி, தூரத்தில் வானம் கிழிகிறமாதிரி ஒரு சத்தம். அடுத்த கொட்டிலில் ஆரோ "பொம்மர், குண்டு போடப்போறான்" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். சட்டியை விட்டவர், குளித்துக்கொண்டிருந்தவர், எல்லோரும் பங்கர்க் குழிக்கு ஓடினார்கள். அம்மா கிணற்றடியில் நின்றவள், எங்கே என்ன சத்தம் என்று பார்க்காமல் சனத்தோடு சனமாக ஓடினாள்.

நான் அடுப்படியில் நின்றேன், தம்பி. அது பொம்மர் இல்லை, என்ர கேத்தல் என்று எனக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லோரும் நின்றிருப்பார்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு கேத்தலை இறக்கத் துணி தேடிய நேரத்துக்குள் அம்மா பங்கர்ப் படியில் சறுக்கி, வலது கை கீழே மடங்க விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. பங்கரால் ஏறி வந்தவர்கள் முதலில் பகிடி பண்ணினார்கள்.

"அண்ணை, உங்கட கோப்பியைக் குடிக்கிறதெண்டால் பங்கருக்க இருந்துதான் குடிக்கவேணும் போல."

"இல்லையடா, இது அண்ணையின்ர புது விளம்பரம்."

பிறகு அவளுடைய கையைக் கண்டதும் ஒருவரும் சிரிக்கவில்லை. முறிவு வைத்தியர் மூன்று மாதம் மூலிகைப் புக்கை கட்டினார். எலும்பு பொருந்தியது, ஆனால் நேராகப் பொருந்தவில்லை. அந்தக் கையில் விரல்கள் இப்போது முழுக்க மடங்குவதில்லை. பேனை நிற்காது. கட்டுப் போடும்போது நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான். "பிள்ளைக்கு இதை எழுதிப்போடாதேங்கோ. அவன் ஆசையா அனுப்பின சாமான்." அதனால்தான் அவளிடமிருந்து உனக்குக் கடிதம் இல்லை. அவளுக்கு வேறு வருத்தம் இல்லை. நடக்கிறாள், சமைக்கிறாள், இடக்கையால் என்னைவிட வேகமாகத் தேங்காய் துருவுகிறாள், என்னோடு சண்டை பிடிக்கிறாள். கேத்தலை அனுப்பியதில் உன் பிழை ஒன்றும் இல்லை. நான் வாய் திறக்காததுதான் பிழை. இதை ஒரு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததால், அவளுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நீ பயந்து, அந்தப் பயத்தை மெசின் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு விளங்கும். நானும் பயந்தால் வியாபாரக் கதைதான் கதைக்கிறவன்.

கேத்தலைச் சரியாகப் பாவிக்கக் காட்டித் தந்தது குலம். எங்கள் கொட்டிலுக்கு முன்னால் சைக்கிள் திருத்துகிற பொடியன், உன் வயதுதான் இருக்கும். சுவிசிலிருந்து வந்தவன். அந்தச் சீழ்க்கை நடந்து சில நாளில், அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்டுவிட்டு வந்தான்.

"ஐயா, இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"தூள்தான்."

"மணக்கிறதைப் பாத்தால் ரசம் வைச்ச மாதிரி எல்லே கிடக்கு."

எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வந்து அவனே செய்து காட்டினான். கலப்பில்லாத கொட்டையை மணல்போல, ரவையைவிடச் சற்று நைசாக அரைக்கவேண்டும். தண்ணீர் அந்த ஆணிக்குக் கீழே நிற்கவேண்டும். தூளைச் சல்லடை நிறையப் போட்டு விரலால் தடவி மட்டம் செய்தால் போதும், அமத்தவே கூடாது. நெருப்பு கேத்தலின் அடியைவிட அகலமாக இருக்கக்கூடாது. என் விறகு நெருப்பில் பிடி உருகிப்போனதால் இப்போது பாலைக் கட்டையில் ஒரு பிடி செதுக்கிப் போட்டிருக்கிறேன். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிரு. முதலில் கறுப்பாக, தேன்போல மெல்ல ஊறும். நிறம் வெளுத்து, களகளவென்று சத்தம் தொடங்குமுன் இறக்கிவிடு. சத்தம் வருமட்டும் வைத்தால் கசப்புத்தான் மிச்சம். அன்றைக்குக் குலம் ஒரு சின்னச் சிரட்டையில் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நீ கேட்டதற்கு என் பதில் இது. கரண்டு மெசின் உனக்கு வேண்டாம். இங்கே கரண்டு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், நான் சொல்வது உன் அறைக்கு. அது சூடாக ஒரு நேரம், கழுவ ஒரு நேரம், தனியாக ஒரு அரைக்கிற மெசின், உள்ளே சுண்ணாம்பு படிந்தால் அதற்கு ஒரு மருந்து. நாள் முழுக்க ஊற்றுகிறவனுக்கு அது தொழில். காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடுகிறவனுக்கு அது இன்னொரு முதலாளி. பிடி இழுக்கிறது பார்க்க வடிவு என்று எழுதியிருக்கிறாய். வடிவான சாமான் கடைக்கு வேண்டும், குசினிக்கு வேண்டாம். அதன் ஸ்பிரிங் உடைந்தால் உனக்குத் திருத்தத் தெரியுமா? கேத்தலில் நுரை வராது, அது அசல் எஸ்பிரெசோ இல்லை என்று உன் முதலாளி சிரிப்பாராம். சிரிக்கட்டும். நுரை வேண்டிய அன்றைக்கு அவர் கடையில் குடி. ஒரு சாமானை வாங்கப்போனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காதே, அதை எப்படிக் கழுவுகிறது என்று பார். கழற்றிய துண்டை உன்னாலேயே திரும்பப் பூட்ட முடிந்தால் வாங்கு. கேத்தலில் மூன்று துண்டும் ஒரு றப்பர் வளையமும்தான். வளையம் இரண்டு மேலதிகமாக வாங்கி வை. கழுவியபின் ஈரத்தோடு பூட்டி வைக்காதே. அளவையும் கவனி: பெரிய கேத்தலில் பாதி தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே, எந்தக் கேத்தலோ அதை நிரப்பித்தான் காய்ச்சவேண்டும். நீ ஒருத்தன். ஒற்றைக் கோப்பைக் கேத்தலே போதும்.

அதை வாங்கி உன் அறையில் அடுப்பு மூட்டு. நான் சொல்ல வந்தது இதுதான். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் ஒருநாளும் அடுப்பு மூட்டவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கோப்பி கடையில், சோறு கூட்டாளி வீட்டில், அறை படுக்க மட்டும். நான் மாங்குளத்துக்கு வந்த புதிதில் மூன்று வருடம் இன்னொருவர் கடையில் மூட்டைக்கு மேலே படுத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குத் திரும்பிப் போகிறதற்குப் பையைக் கட்டுவேன். ஒரு சட்டியும் அகப்பையும் வாங்கிக் கடைப் பின்பக்கத்தில் சோறு வடித்த கிழமை, பையைக் கட்ட மறந்துபோனேன். அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. உலையில் அரிசி கிடந்தால் மனிசன் அதை விட்டுவிட்டுப் போகமாட்டான். நீ எழுதுகிற தனிமைக்கு மருந்து மாங்குளத்தில் இல்லை, தம்பி. மாங்குளமே எங்களிடம் இல்லை.

குலத்தின் கதையையும் கேள். தகப்பன் சாகக் கிடக்கிறார் என்று இரண்டு கிழமை லீவில் வந்தவன். பெட்டி நிறைய ஆஸ்பத்திரிச் சாமானோடு வந்தான். தகப்பன் போய்ச்சேர்ந்து, காரியம் முடிந்து, திரும்ப வெளிக்கிட்டால் பாதை பூட்டு. அப்போது போய்வரப் பாஸ் கேட்டான், இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே அவனுடைய விசா முடிந்து, வேலை போய், வீட்டில் வேறு ஆரோ இருக்கிறார்கள். அந்த வீட்டுக் கதவுத் திறப்பைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறான். ரீச்சர் வவுனியாவால் வருகிற ஒவ்வொரு முறையும் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிற கையோடு எழும்பி வருவான்.

"ரீச்சர், என்ர பேர் ஏதும் வந்ததோ?"

"இன்னும் இல்லை அப்பன்."

"அடுத்த முறை பாப்பம் என்ன."

"ஓம் ராசா, பாப்பம்."

இதைச் சொல்கிறபோது அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க முடியாது. உன் வயதுப் பொடியனுக்கு இங்கே வர வழி இருக்கிறது, திரும்பிப் போகத்தான் வழி இல்லை. வந்தபிறகு உன்னை யார் கேட்பார்கள், எந்தப் பக்கம் கேட்பார்கள் என்றெல்லாம் ஒரு கடிதத்தில் எழுத முடியாது. நீ கெட்டிக்காரன், விளங்கிக்கொள்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. உன்னைப் பத்தொன்பது வயதில் ஏஜென்சிக்காரன் பின்னால் அனுப்பியபோதும் நான் கேட்கவில்லை, போ என்றேன். நீ மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாய். அதைப் பிழை என்று சொல்ல இன்றைக்கும் என்னால் முடியவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். அறைத் திறப்பைக் கொடுத்திருந்தால் போய்க் கெஞ்சித் திரும்ப வாங்கு. பிளேன் ரிக்கற் எடுத்திருந்தால் கிழித்துப்போடு. கொழும்பில் இறங்கியபிறகுதான் ஆராவது இதை உனக்குச் சொல்கிறார்கள் என்றால் அங்கேயே நின்று திரும்பு, வவுனியாவுக்கு ஏறாதே. இந்தக் கடிதம் உன் கையை அடைய எத்தனை கிழமை என்று எனக்குத் தெரியாது, மார்கழிக்கு எத்தனை கிழமை என்று தெரியும். அதனால் இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். நீ வேலை செய்கிற கடை நம்பருக்குப் போன தரமும், உன் கடிதத்தைக் காணவில்லை என்று, ரீச்சர் வவுனியாவிலிருந்து அடித்துப் பார்த்தா. மறுபக்கத்தில் விளங்காத பாசையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்கள். இந்தமுறை குலம் சொன்னான், வேண்டாம் என்பதற்கு இத்தாலிப் பாசையிலும் "நோ" என்றுதான் சொல்வார்களாம். ரீச்சர் உன் பேரைச் சொல்லி, "அப்பா" என்று சொல்லி, "நோ, நோ" என்று சொல்லுவா. வைத்தாலும் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆரோ ஒரு கிழவி உன் பேரைச் சொல்லி அப்படி அலறினா என்று முதலாளி பகிடியாகச் சொன்னால், சிரிக்காதே. அது நான்தான்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை நேற்று மூன்று தரம் வாசித்தேன். நீ வரப்போகிறாய் என்றதும் அவள் முகம் மாறியதை நான் உனக்கு மறைக்கக்கூடாது. கொட்டிலின் பின்பக்கம் ஒரு பத்தி இறக்கலாம், கிடுகு ஆரிடம் வாங்கலாம் என்றெல்லாம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். நான் குலத்தைக் கையால் காட்டினேன். அவள் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எழும்பிப் போய்விட்டாள். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து இருந்தாள். எழுதியது அத்தனையையும் வாசித்துக் காட்டினேன், கையைப் பற்றிய இடம் உட்பட. நேற்றுப் பென்சன் காசு கிடைக்காமல் வந்த ரீச்சர் திரும்ப வவுனியாவுக்கு வெளிக்கிட நேரமாகிவிட்டது, ஒழுங்கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

"நீயும் ஒரு சொல்லுச் சொல்லு" என்றேன். "வராதையெண்டு அம்மா சொன்னவா எண்டு எழுதினால் நம்புவான். நான் சொன்னால் நம்பமாட்டான், இவ்வளவு காலமும் பொய்தானே எழுதினனான்."

"அந்தச் சொல்லு என்ர வாயால வராது."

"அப்ப நான் என்னத்தை எழுத?"

அவள் அந்த மடங்காத விரல்களை மற்றக் கையால் நீவிக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"உதில என்ன, ஒற்றைக் கோப்பைக் கேத்தல் வாங்கச் சொல்லியே எழுதிக் கிடக்கு?"

"ஓம். அவன் ஒருத்தன்தானே."

"வெட்டுங்கோ" என்றாள். "ரண்டு பேருக்குப் போடுறதை வாங்கச் சொல்லுங்கோ. அவன் அங்க எந்த நாளும் ஒருத்தனாவே இருக்கப்போறான்?"

வெட்டவில்லை, தம்பி, நான் வெட்டினால் அவள் எதை மாற்றச் சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. நீயே மேலே அந்த இடத்தில் வெட்டிவிட்டு வாசி. அங்கேயே, இந்தக் கிழமையே, இரண்டு பேருக்குப் போடுகிறதை வாங்கு.

அப்பா